பூவின் கூர்மையும் பின்னணியின் மங்கலும்: நெருக்கப் படங்களில் புல ஆழம் பற்றிய ஒரு விரிவான பதில்

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முழுச் சட்டக சென்சார் உள்ள கேமராவில் மிக அருகிலுள்ள பொருள்களைப் பெரிதாக எடுக்கும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸைப் பொருத்தி, ஒரு செம்பருத்திப் பூவைச் சட்டகம் நிறையும் அளவுக்கு நெருங்கி எடுக்கிறீர்கள். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித்துளையை, எஃப்/2.8 என்ற அகலமான நிலையில் வைத்தால் பின்னணி பட்டுத்துணி போல் மென்மையாகிவிடுகிறது. ஆனால் பூவில் ஏதோ ஓர் இதழின் விளிம்பு மட்டும் தெளிவாக விழுந்து, மற்றவை எல்லாம் மங்கிப் போகின்றன. துளையைச் சுருக்கி எஃப்/11-க்கு மாற்றினால் பூ தெளிகிறது, ஆனால் பின்னால் இருக்கும் இலைகளும் தண்டுகளும் உருவம் பெற்றுக் கண்ணைப் பிடித்து இழுக்கின்றன. பூவும் தெளிவாக இருந்து பின்னணியும் கரைந்திருக்கும் படங்களை எடுப்பவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் எந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது உங்கள் கேள்வி.

அப்படி ஓர் எண் இல்லை. பூவின் தெளிவையும் பின்னணியின் மங்கலையும் அப்பர்ச்சர் வளையம் ஒன்றே தீர்மானிக்கிறது என்று எண்ணுவதால்தான் இந்தச் சிக்கல் தீராததுபோல் தோன்றுகிறது. டெப்த் ஆஃப் ஃபீல்டு என்று நாம் வழக்கமாகச் சொல்லும் புல ஆழம் வேறு, பின்னணி எவ்வளவு கரைகிறது என்பது வேறு. முதலாவது, ஃபோகஸ் துல்லியமாக விழும் குவியத் தளத்துக்கு முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிகிறது என்பதைச் சொல்லும் அளவு. இரண்டாவது, அந்தத் தளத்துக்கு வெகு பின்னால் இருக்கும் ஒரு புள்ளி சென்சாரில் எவ்வளவு பெரிய வட்டமாக விரிகிறது என்பதைச் சொல்லும் அளவு. இரண்டிலும் அப்பர்ச்சருக்குப் பங்கு உண்டு என்றாலும், இரண்டாவதில் அதைவிட வலிமையான வேறு காரணிகள் இருக்கின்றன. பூவுக்கு வேண்டிய கூர்மையை அப்பர்ச்சரிடம் கேட்டுப் பெற்றுக்கொண்டு, பின்னணியின் மங்கலைத் தூரத்திடம் கேட்டுப் பெற வேண்டும் என்பதே நான் சொல்லவிருப்பதன் சாரம். கொஞ்சம் கணக்கோடு விளக்கினால்தான் இது மனத்தில் நிற்கும் என்பதால் பொறுமையாகப் படியுங்கள்.

முழுச் சட்டக சென்சாரின் அகலம் 36 மி.மீ., உயரம் 24 மி.மீ. சுமார் 11 செ.மீ. அகலமுள்ள பரப்பு அந்த 36 மி.மீட்டருக்குள் விழுமாறு எடுத்தால் உருப்பெருக்கம் மூன்றில் ஒன்று ஆகிறது. ஒரு தனிச் செம்பருத்திப் பூவைச் சட்டகம் நிறைய எடுக்கும்போது ஏறத்தாழ இந்த உருப்பெருக்கத்தில்தான் இருக்கிறோம். சென்சாரில் 0.03 மி.மீ. வரை விரியும் புள்ளியைக் கூர்மையானதாக ஏற்றுக்கொள்ளும் வழக்கமான அளவுகோலின்படி, இந்த நிலையில் புல ஆழம் எஃப்/2.8-இல் ஏறக்குறைய 2 மி.மீ., எஃப்/5.6-இல் 4 மி.மீ., எஃப்/11-இல் 8 மி.மீ. அளவே இருக்கும். அதாவது எஃப்/2.8-இல் உங்களுக்குக் கிடைப்பது ஒரு பூ அன்று. பூவை ஊடறுத்துச் செல்லும், 2 மி.மீ. தடிமனுள்ள ஒரு தகடு. உருப்பெருக்கத்தை ஒன்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு உயர்த்தினால், அதே எஃப்/2.8-இல் இந்தத் தகட்டின் தடிமன் சுமார் மூன்றில் ஒரு மில்லிமீட்டராக மெலிந்துவிடும். மேக்ரோ லென்ஸின் முழு அப்பர்ச்சரில் எடுத்த படங்கள் பலருக்கும் ஏமாற்றமாக அமைவதற்கு லென்ஸின் தரமோ கையின் நடுக்கமோ மட்டும் காரணமில்லை என்பது இந்த எண்களைப் பார்த்தாலே விளங்கும்.

இனிப் பின்னணிக்கு வருவோம். வெகு தொலைவில் இருக்கும் ஒரு புள்ளி சென்சாரில் விரியும் வட்டத்தின் விட்டத்தைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. லென்ஸின் குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் கிடைக்கும் துளையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் பெருக்கினால் போதும். 100 மி.மீ. லென்ஸில் எஃப்/2.8 என்றால் துளை கிட்டத்தட்ட 36 மி.மீ.; அதை மூன்றில் ஒன்றால் பெருக்கினால் மங்கல் வட்டம் 12 மி.மீ. வருகிறது. சட்டகத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு இது! எஃப்/5.6-இல் அது 6 மி.மீ., அதாவது அகலத்தில் ஆறில் ஒரு பங்கு. அந்த அளவுக்கு விரிந்த பின்னணியில் எந்த இலையும் இலையாகத் தெரியாது. ஆகவே தொலைதூரப் பின்னணியைக் கரைப்பதற்கு எஃப்/2.8 தேவையே இல்லை.

பின்னணி வெகு தொலைவில் இல்லாமல் பூவுக்கு அருகிலேயே இருக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அப்போது மேலே சொன்ன வட்டம் ஒரு பின்னத்தால் சுருங்குகிறது. பூவுக்கும் பின்னணிக்கும் இடையிலுள்ள தூரத்தை, லென்ஸிலிருந்து பின்னணி வரையுள்ள மொத்தத் தூரத்தால் வகுத்தால் கிடைப்பதே அந்தப் பின்னம். நம் எடுத்துக்காட்டில் லென்ஸிலிருந்து பூ சுமார் 40 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. இலைகள் பூவுக்கு 10 செ.மீ. பின்னால் இருந்தால் பின்னம் ஐம்பதில் பத்து, அதாவது ஐந்தில் ஒன்று. அதே இலைகள் 40 செ.மீ. பின்னால் இருந்தால் பின்னம் எண்பதில் நாற்பது, அதாவது பாதி. ஆக, பின்னணி 10 செ.மீட்டரில் இருக்கையில் எஃப்/2.8-இல் கிடைக்கும் மங்கல் வட்டம் 2.4 மி.மீ.; பின்னணி 40 செ.மீட்டருக்குத் தள்ளிப்போனால் எஃப்/5.6-இலேயே 3 மி.மீ. கிடைத்துவிடுகிறது. முப்பது சென்டிமீட்டர் இடைவெளி கூடியதால், பூவில் இருமடங்கு ஆழம் கிடைத்ததோடு பின்னணியும் முன்னைவிட மென்மையாகிவிட்டது. உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் இந்த ஓர் ஒப்பீட்டில் அடங்கியிருக்கிறது.

செடியைப் பெயர்த்து முப்பது சென்டிமீட்டர் முன்னால் வைக்க முடியாதே என்று கேட்கலாம். பின்னணியின் தூரத்தைத் தீர்மானிப்பது செடி நிற்கும் இடத்தைவிட உங்கள் கண் நிற்கும் இடமே. பூவை மேலிருந்து பார்த்தால் பின்னணி அதன் சொந்த இலைகளும் மண்ணும்தான். அவை எப்போதும் அருகிலேயே இருக்கும். அதே பூவின் உயரத்துக்குக் கேமராவைத் தாழ்த்திக் கிடைமட்டமாகப் பார்த்தால் பின்னணி சில மீட்டர் அப்பால் போய்விடும். இன்னும் கொஞ்சம் தாழ்ந்து மேல்நோக்கிப் பார்த்தால் தொலைவிலுள்ள மரங்களின் பசுமையோ வானமோ பின்னணியாகும். ஆகையால் ஒரு பூவைக் கண்டவுடன் கேமராவை எடுக்காமல், முதலில் அதைச் சுற்றி ஒருமுறை நடந்து, ஒவ்வொரு கோணத்திலும் பூவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை மட்டும் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். செடியில் உள்ள பத்துப் பூக்களில் மிக அழகான பூவைத் தேடுவதைவிட, பின்னால் வெற்றிடம் உள்ள பூவைத் தேடுவது பலன் தரும்; கிளையின் நுனியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பூ, உள்ளே இலைகளுக்கிடையே இருக்கும் குறையற்ற பூவைவிட நல்ல படத்தைத் தந்துவிடும். நான் பூக்களைப் படமெடுக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் இப்படி நடப்பதிலும் குனிவதிலும்தான் செலவாகிறது, அதை வீண் என்று ஒருநாளும் கருதியதில்லை.

பின்னணியை மங்கலாக்காமலே அமைதிப்படுத்தும் வழியும் ஒன்று உண்டு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஜெர்மானியரான கார்ல் பிளாஸ்ஃபெல்ட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொட்டுகளையும் சுருள் தண்டுகளையும் பல மடங்கு பெரிதாக்கி எடுத்தபோது, அவற்றைச் சாம்பல் அல்லது வெள்ளை அட்டைக்கு முன்னால் வைத்தே எடுத்தார். பின்னால் எதுவுமே இல்லாதபோது அதைக் கரைக்க வேண்டிய தேவையும் இல்லை. மங்கிய பச்சை நிறத் தாள் ஒன்றைப் பூவுக்கு அரை மீட்டர் பின்னால் நண்பர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, எஃப்/11-இல் அமைதியான பின்னணியோடு எடுத்துவிடலாம். ஆனால் இயற்கையான பின்னணியில் நிறங்கள் ஒன்றோடொன்று குழைந்து வருவதற்கு ஈடான உயிர்ப்பு அந்தத் தாளில் இருப்பதில்லை என்பதால், வேறு வழியில்லாத இடங்களில் மட்டுமே நான் அதை நாடுகிறேன்.

குவியத் தூரத்தைப் பற்றி நிலவும் ஒரு குழப்பத்தையும் தெளிவாக்கிவிடுகிறேன். 50 மி.மீ. மேக்ரோவும் 100 மி.மீ. மேக்ரோவும் பூவை ஒரே அளவில் காட்டும்போது, ஒரே எஃப் எண்ணில் பூவின் மேல் கிடைக்கும் புல ஆழம் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடு பின்னணியில் இருக்கிறது. 100 மி.மீ. லென்ஸின் துளை அதே எஃப் எண்ணில் இருமடங்கு அகலமானது என்பதால் தொலைதூரப் பின்னணி இருமடங்கு விரிகிறது. அதோடு, அது பார்க்கும் கோணம் குறுகலாக இருப்பதால் பின்னணியில் ஒரு சிறு துண்டு மட்டுமே சட்டகத்துக்குள் வருகிறது. ஒரு சாண் இடம் நகர்ந்தாலே பின்னணியின் நிறம் முழுவதும் மாறிவிடும் வசதி இதனால்தான் கிடைக்கிறது. 150 அல்லது 180 மி.மீ. லென்ஸ்களில் இந்த வசதி இன்னும் கூடும். பின்னணி பூவை ஒட்டியே இருந்தாலோ லென்ஸை மாற்றுவதால் பெரிய ஆதாயம் கிடைக்காது.

அடுத்ததாக, அந்த மெல்லிய தகட்டைப் பூவில் எங்கே வைப்பது என்பதைப் பார்க்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை இந்தக் கலையின் இனிமையான பகுதி இதுதான். தகடு எப்போதும் சென்சாருக்கு இணையாகவே இருக்கும். ஆகவே பூவின் எந்தெந்த உறுப்புகள் தெளிவாக இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்து, அவை அனைத்தும் சென்சாருக்கு இணையான ஒரே தளத்தில் விழுமாறு கேமராவைத் திருப்ப வேண்டும். செம்பருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவிலிருந்து மகரந்தத் தண்டு பல சென்டிமீட்டர் முன்னோக்கி நீண்டு, நுனியில் சூல்முடி ஐந்தாகப் பிரிந்து நிற்கும். பூவை நேருக்கு நேர் பார்த்து எடுத்தால் அந்தத் தண்டு முழுவதும் உங்களை நோக்கியே நீள்கிறது. எஃப்/22 வைத்தாலும் நுனியும் இதழும் ஒரேபோலத் தெளியா. அதே பூவைப் பக்கவாட்டிலிருந்து எடுத்தால் தண்டு அடி முதல் நுனி வரை ஒரே தளத்தில் படுத்துவிடும். எஃப்/4-இலேயே தண்டும் அதிலுள்ள மஞ்சள் மகரந்தப் பைகளும் சூல்முடியின் நுனிகளும் பெரும்பாலும் தெளிவாகக் கிடைக்க, இதழ்கள் சிவப்புத் திரையாக மங்கி நிற்கும். எண்ணை மாற்றாமல் கோணத்தை மாற்றியே பெறப்பட்ட ஆழம் இது.

தட்டையாக விரியும் சூரியகாந்தி, டெய்சி போன்ற பூக்களை நேரே பார்த்து எடுக்கலாம். ஆனால் அங்கே கேமரா சற்றுச் சாய்ந்தாலும் தட்டின் ஒரு பாதி மங்கிவிடும் என்பதால் பக்கத்திலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லி இணைநிலையைச் சரிபார்ப்பது நல்லது. ரோஜாவில் இதழ்கள் சுருள்சுருளாக உள்ளே இறங்குகின்றன. அதில் எல்லாவற்றையும் தெளிவாக்க முயலாமல், நடுச்சுருளின் ஒரே ஒரு விளிம்பில் தகட்டை வைத்து, மற்ற விளிம்புகள் படிப்படியாக மங்கிச் செல்ல விடும்போது பூவின் ஆழம் பார்ப்பவருக்கு நன்றாகவே புலப்படும். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் ஒவ்வொரு பருவத்துக்கும் தமிழில் தனிப்பெயர் இருப்பது இந்த இடத்தில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும், ஏனெனில் கேமராவின் முன்னாலும் அவை வெவ்வேறு பொருள்களே. அரும்பு சிறிய உருண்டை, நான்கு மில்லிமீட்டர் ஆழம் அதற்குக் கிட்டத்தட்டப் போதும். முழுதும் விரிந்த அலருக்கு அது போதாது, எந்த உறுப்பைத் துறப்பது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். வாடிய செம்மலிலோ இதழின் சுருக்கங்களே பார்க்கத் தகுந்தவை. அவற்றுக்கு ஆழம் தாராளமாக வேண்டும்.

தகட்டை வைக்கும் இடத்தைப் பார்ப்பவரின் கண் உடனே கண்டுகொள்ள வேண்டும். மகரந்தப் பையின் துகள்கள், இதழ் விளிம்பின் மெல்லிய கோடு, பனித்துளி, இதழின் நரம்பு என நுண்விவரம் செறிந்த இடமாக அது இருந்தால் படத்தில் மற்றவை எவ்வளவு மங்கினாலும் உறுத்தாது. வழவழப்பான இதழின் நடுப்பகுதியில் தகடு விழுந்தால், அது கூர்மையாக இருந்தும் கூர்மையாகத் தோன்றாது. ஃபோகஸ் தவறிய படம் என்றே எல்லோரும் நினைப்பார்கள். அதேபோல், மங்கலாக உள்ள ஒரு பகுதி கூர்மையான பகுதிக்கு முன்னால் துருத்திக்கொண்டு பளிச்சென்ற நிறத்தில் நின்றால் கண் அங்கேயே தடுக்கும். இவ்வாறான நேரத்தில் கோணத்தைச் சிறிது மாற்றுவது தவிர வேறு தீர்வு இல்லை.

சொன்ன இடத்தில் தகட்டை நிறுத்துவது தனித் திறமை. இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் ஆட்டோஃபோகஸ் பூட்டிக்கொண்ட பிறகு நீங்கள் சட்டகத்தை மாற்றியமைத்தாலோ ஒருமுறை மூச்சு விட்டாலோ தகடு நகர்ந்துவிடும். ஆகவே ஃபோகஸ் புள்ளியையே பூவில் வேண்டிய இடத்துக்கு நகர்த்திக்கொள்ளுங்கள். அல்லது கைமுறை ஃபோகஸுக்கு மாறி, உருப்பெருக்கத்தை முதலில் ஃபோகஸ் வளையத்தில் நிர்ணயித்துவிட்டு, பிறகு வளையத்தைத் தொடாமல் உடலை மிக மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, கூர்மை வந்து விழும் கணத்தில் ஷட்டரை அழுத்துங்கள். அந்த அசைவின்போது ஐந்தாறு படங்களைத் தொடர்ச்சியாக எடுப்பது இன்னும் பாதுகாப்பானது. முக்காலி இருந்தால் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் குவிப்பதற்கு ஈடு இணை இல்லை. எஸ்எல்ஆர் கேமராவின் ஒளியியல் வ்யூஃபைண்டரில் நீங்கள் காண்பது எப்போதும் முழு அப்பர்ச்சரில் தெரியும் காட்சியே என்பதை நினைவில் கொள்ளுங்கள். அங்கே கரைந்து தெரிந்த பின்னணி எஃப்/8-இல் எடுத்த படத்தில் தண்டும் இலையுமாக முளைத்து நிற்பதன் காரணம் அதுதான். புல ஆழத்தை முன்கூட்டிக் காட்டும் பொத்தான் அதற்காகவே கேமராவில் இருக்கிறது.

காற்றைப் பற்றியும் கொஞ்சம் கணக்குப் போடலாம். ஒரு பூ வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற மிக மெதுவான வேகத்தில் ஆடுகிறது என்று கொள்வோம். உருப்பெருக்கம் பாதி என்றால் சென்சாரில் அதன் பிம்பம் வினாடிக்கு 5 மி.மீ. நகரும். 1/100 வினாடியில் அது 0.05 மி.மீ. இழுபட்டுவிடும், நாம் கூர்மைக்கு வைத்த 0.03 மி.மீ. வரம்பை இது தாண்டுகிறது. 1/500 வினாடி என்றால் 0.01 மி.மீ. மட்டுமே. இவ்வளவு மெல்லிய அசைவுக்கே இந்த நிலை என்பதால், சென்சாரின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 800-க்கோ 1600-க்கோ உயர்த்தி ஷட்டரை வேகமாக்கத் தயங்காதீர்கள். அதனால் படத்தில் தோன்றும் குருணையைப் பின்னர் மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம். அசைவினால் இழுபட்ட மகரந்தத் துகளை மீட்க முடியாது. லென்ஸின் அதிர்வுத் தடுப்பும் இங்கே முழுமையாகக் கைகொடுக்காது. 2009-இல் வெளிவந்த கேனானின் 100 மி.மீ. எல் வகை மேக்ரோ, கோண அசைவோடு பக்கவாட்டு நகர்வையும் சேர்த்துத் தடுக்கும்படி உருவாக்கப்பட்டது. அதிலும்கூட சாதாரண தூரத்தில் நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இருமடங்காகும் அல்லது பாதியாகும் ஒரு படி) என்று சொல்லப்படும் பயன், ஒன்றுக்கு ஒன்று உருப்பெருக்கத்தில் இரண்டு ஸ்டாப்பாகக் குறைகிறது என்று அந்நிறுவனமே தெரிவித்துள்ளது. பூவின் அசைவை எந்த அதிர்வுத் தடுப்பும் தடுப்பதில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பொழுது விடிந்த சிறிது நேரத்துக்குக் காற்று பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், ஒளியும் மென்மையாக இருக்கும். தண்டை மெல்லப் பிடித்துக்கொள்ளும் கிளிப் ஒன்றைக் குச்சியில் கட்டி ஊன்றிவைப்பதும் உதவும்.

அப்பர்ச்சரை மூடிக்கொண்டே போனால் கூர்மை கூடிக்கொண்டே போகும் என்று நினைத்தால் அதுவும் நடப்பதில்லை. துளை சிறுத்தால், அதன் விளிம்பில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவு தலைகாட்டும்; நெருக்கப் படங்களில் அது இன்னும் விரைவாக வந்துவிடும். காரணம், செயலளவிலான எஃப் எண் என்பது அப்பர்ச்சர் வளையத்தில் உள்ள எண்ணை உருப்பெருக்கத்துடன் ஒன்றைக் கூட்டிவரும் எண்ணால் பெருக்கியதற்குச் சமம். ஒன்றுக்கு ஒன்று நிலையில் எஃப்/16 என்பது உண்மையில் எஃப்/32 போல நடந்துகொள்கிறது. அந்நிலையில் ஒரு புள்ளி விளிம்பு விளைவால் மட்டுமே 0.04 மி.மீட்டருக்கு மேல் விரிந்துவிடும். பூ முழுவதும் சற்றே மந்தமாகத் தெரியும் அந்த விலையைக் கொடுத்துப் பெறும் ஆழம் 2 மி.மீட்டருக்கும் குறைவு. என் அனுபவத்தில் மூன்றில் ஒன்று உருப்பெருக்கத்தில் எஃப்/4 முதல் எஃப்/8 வரையுள்ள எல்லையில்தான் பெரும்பாலான நல்ல படங்கள் அமைகின்றன.

மங்கலின் அளவைப் போலவே அதன் தன்மையும் முக்கியம். மங்கல் என்று பொருள்படும் ஜப்பானியச் சொல்லிலிருந்து வந்த பொக்கே என்ற பெயர், 1997-இல் அமெரிக்கப் புகைப்பட இதழ் ஒன்றின் வழியாக ஆங்கிலத்தில் பரவி, இன்று எல்லா மொழியினரும் கூறும் சொல்லாகிவிட்டது. ஒரே விட்டமுள்ள மங்கல் வட்டமும் லென்ஸுக்கு லென்ஸ் வேறுபடும். சிலவற்றில் வட்டத்தின் விளிம்பு மென்மையாகத் தேய்ந்து மறையும், சிலவற்றில் விளிம்பு பளிச்சென்ற வளையமாக நிற்கும். பழைய மேயர் டிரியோபிளான் லென்ஸின் சோப்புக் குமிழி போன்ற வட்டங்களுக்கென்றே அதைத் தேடுவோர் உண்டு. அதற்கு நேர் எதிராக, 1999-இல் வந்த மினோல்டாவின் 135 மி.மீ. எஸ்டிஎஃப் லென்ஸ், ஓரத்தை நோக்கிக் கருமை கூடும் ஒரு கண்ணாடியைத் தன்னுள் வைத்து வட்டங்களின் விளிம்புகளைக் கரைத்தது. உங்களிடம் இருக்கும் மேக்ரோ லென்ஸ் எதுவானாலும், பின்னணியில் இலைகளின் ஊடே சூரிய ஒளி புள்ளிபுள்ளியாகத் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரிந்தால், ஒவ்வொரு புள்ளியும் ஒரு வட்டமாகும். அது வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், ஆனால் தெரியாமல் வந்து விழக் கூடாது. நிழலில் உள்ள சீரான பசுமை எப்போதும் அமைதியான பின்னணி.

முன்னணியையும் மங்கலாக்கலாம் என்பதைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. லென்ஸின் முகப்பை ஏறக்குறையத் தொடும் அளவில் வேறொரு பூவோ இலையோ இருக்குமாறு வைத்து, அதன் ஊடாகப் பின்னாலுள்ள பூவைக் குவித்தால், முன்னால் இருப்பது உருவமே இல்லாத நிறப்புகையாகச் சட்டகத்தின் ஓரங்களில் படர்ந்துவிடும். முன்பு சொன்னதற்கு மாறாக, இங்கே முழு அப்பர்ச்சரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஏனெனில் துளை சிறுத்தால் அந்தப் புகை ஒரு கறையாக இறுகும்.

ஒளியைப் பற்றி இரண்டு செய்திகள் மட்டும் போதும். மேகமூட்டமான வானமோ, வெயிலை மறைத்துப் பிடித்த மெல்லிய வெள்ளைத் துணியோ பூவுக்குப் போதுமான ஒளியைத் தரும். செந்நிறப் பூக்களில் சிவப்பு நிறப் பதிவு மட்டும் வெகு முன்னதாக நிரம்பி, இதழின் நரம்புகள் அழிந்து ஒரே சிவப்புப் பூச்சாகிவிடும் என்பதால், படத்தின் ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடமான பொதுவான ஹிஸ்டோகிராமை நம்பாமல் சிவப்புக்கான தனி ஹிஸ்டோகிராமைப் பார்த்து, வேண்டுமானால் முக்கால் ஸ்டாப் வரை குறைத்து எடுங்கள்.

பூ முழுவதும் கூர்மை, பின்னணி முழுவதும் மங்கல் என்று நீங்கள் கேட்டதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றும் முறையும் உண்டு. அதற்கு ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்று பெயர். எஃப்/5.6-இல் தகட்டின் தடிமன் 4 மி.மீ. என்று பார்த்தோம். ஒவ்வொரு படத்துக்கும் 3 மி.மீ. நகர்த்தி, தகடுகள் சற்றே ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுத்தால், 3 செ.மீ. ஆழமுள்ள பூவுக்குப் பத்துப் பதினொரு படங்கள் போதும். ஹெலிக்கன் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டாக்கர் போன்ற மென்பொருள்கள் ஒவ்வொன்றிலும் கூர்மையாக உள்ள பகுதியைத் தேர்ந்து இணைத்துவிடும். பின்னணி எஃப்/5.6-க்கு உரிய மங்கலோடு அப்படியே இருக்கும். இன்றைய கேமராக்கள் பலவற்றில் ஃபோகஸைப் படிப்படியாக நகர்த்தி எடுக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. பூ அசையவே கூடாது என்பதால் வெளியிடத்தில் இது கடினம், அறைக்குள் எளிது. ஆனால் எல்லாமே கூர்மையான பூ, தாவரவியல் விளக்கப்படம் போலத் தோன்றிவிடும் ஆபத்தும் உண்டு. ஆகையால் பதினொன்றில் முதல் ஐந்தாறு படங்களை மட்டும் இணைத்துப் பார்ப்பது என் வழக்கம். முன்பகுதி தெளிந்து, பின்னிதழ்கள் மெல்ல மறையும்போது பூ கண்முன் இருப்பதுபோல் தோன்றும்.

இதற்கு இன்னொரு வழி தகட்டையே சாய்ப்பது. ஆஸ்திரியப் படைத்துறை அதிகாரியான தியோடர் ஷைம்ப்ஃப்ளுக் 1904-இல் காப்புரிமை பெற்ற கொள்கையின்படி, லென்ஸைச் சாய்த்தால் குவியத் தளமும் சாயும். சாய்க்கக்கூடிய லென்ஸ் ஒன்று கையில் இருந்தால், சரிந்து நிற்கும் ஒரு பூங்கொத்தை அதன் சரிவோடே தெளிவாக்கிவிடலாம். அவை விலை மிக்கவை. வாடகைக்குக் கிடைத்தால் ஒருநாள் முயன்று பாருங்கள்.

மேக்ரோ லென்ஸ் இல்லாத நண்பர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் இரண்டு வரி சேர்க்கிறேன். கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையில் பொருத்தும் எக்ஸ்டென்ஷன் குழாயின் நீளத்தைக் குவியத் தூரத்தால் வகுத்தால் கூடுதலாகக் கிடைக்கும் உருப்பெருக்கம் வரும், 50 மி.மீ. லென்ஸுக்கு 25 மி.மீ. குழாய் பாதி உருப்பெருக்கத்தைக் கூட்டும். நீண்ட ஜூம் லென்ஸ் வைத்திருப்போருக்கு முன்னால் திருகும் குளோஸ்-அப் லென்ஸ் ஏற்றது; 200 மி.மீட்டரில் இரண்டு டயாப்டர் திறனுள்ள கண்ணாடி, ஃபோகஸ் முடிவிலியில் இருக்கும்போதே 0.4 மடங்கு தரும். மொபைல் போனில் எடுப்போர் கவனிக்க வேண்டியது ஒன்று: மிக அருகில் சென்றவுடன் பல போன்கள் தாமாகவே அகலக் கோண லென்ஸுக்கு மாறிவிடுகின்றன. 2021-இல் வந்த ஐபோன் 13 ப்ரோவின் மேக்ரோ வசதியும் அப்படிப்பட்டதே, 2 செ.மீ. வரை நெருங்கலாம், ஆனால் அந்தச் சிறிய லென்ஸில் பின்னணி கரைவது மிகக் குறைவு. அந்தத் தானியங்கி மாற்றத்தை அணைத்துவிட்டு, சற்றுப் பின்வாங்கி, முதன்மைக் கேமராவிலோ டெலிஃபோட்டோவிலோ எடுத்தால் இயற்கையான மங்கலே கிடைக்கும்.

இனி உங்கள் செம்பருத்திக்குத் திரும்புகிறேன். நாளைக் காலை வெயில் ஏறுவதற்குள், செடியிலிருந்து வெளியே நீண்டு நிற்கும் ஒரு பூவைத் தேர்ந்தெடுங்கள். அதன் உயரத்துக்குத் தாழ்ந்து, பின்னால் குறைந்தது ஒரு மீட்டருக்கு எதுவும் இல்லாத பக்கத்தைக் கண்டுபிடித்து, மகரந்தத் தண்டு சென்சாருக்கு இணையாகப் படுக்கும்வரை சுற்றி வாருங்கள். எஃப்/5.6, 1/500 வினாடி, ஐஎஸ்ஓ தானாக அமையட்டும். தண்டின் நடுவிலுள்ள மகரந்தப் பைகளில் குவித்துவிட்டு, மெல்ல முன்னும் பின்னும் அசைந்தபடி இருபது படங்கள் எடுங்கள். வீட்டுக்கு வந்து அவற்றைத் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கி, சூல்முடியின் ஐந்து நுனிகளில் எத்தனை கூர்மையாக இருக்கின்றன என்று ஒவ்வொரு படத்திலும் எண்ணுங்கள். குறைந்தது மூன்று நுனிகளாவது தெளிந்திருக்கும் படத்தை வைத்துக்கொண்டு, மறுநாள் அதே பக்கத்திலிருந்து எஃப்/4-இலும் எஃப்/8-இலும் எடுத்து, மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.